மாமா அனுப்பின வீடியோவும் கதிரைக் காசும்

போன கிழமை எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல மாமா ஒரு வீடியோ போட்டார். கோட் போட்ட ஒரு தம்பி, கையில மார்க்கர், பின்னால வெள்ளைப் பலகை. "தினமும் நீங்க குடிக்கிற ஒரு கப் கோப்பிக் காசைச் சேர்த்து வச்சா..." என்டு தொடங்கி, கூட்டிப் பெருக்கி, கடைசியில பலகையில ஒரு வீடும் காரும் வந்து நிக்குது. கீழ மாமாட குறிப்பு: "இந்தக் காலத்துப் புள்ளைகள் கட்டாயம் பார்க்கோணும்."

அந்தக் குரூப்புல "இந்தக் காலத்துப் புள்ளை" என்டு சொல்ற வயசுல ஊர்ல இருக்கிறது நான் ஒருத்திதான். (மற்ற ரெண்டு பேரும் இத்தாலியில. அவங்களுக்கு மாமா புத்தி சொல்ல மாட்டார். அவங்கதான் மாமாவுக்குக் காசு அனுப்புறவங்க.)

விசயம் என்னென்டா, சிலாபத்துல கொழும்பு ரோட்டுப் பக்கமா ஒரு கோப்பிக் கடை இருக்கு. கடை என்டு சொன்னா அவங்களுக்குக் கோவம் வரும், கஃபே. கண்ணாடிக் கதவு, ஏசி, கயித்துல தொங்குற மஞ்சள் பல்ப், சுவர்ல இங்கிலீஷ்ல ஏதோ தத்துவம். நான் அங்க உட்கார்ந்திருந்ததை யாரோ கண்டு, யாருக்கோ சொல்லி, அது மாமாட காதுக்குப் போயிருக்கு. சிலாபம் அவ்வளவுதான். மார்க்கெட்டுல பாரை மீன் விலை கேட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வர முன்னம், இன்டைக்கு எங்க வீட்டுல பாரைக் குழம்பு என்டு ஊருக்குத் தெரிஞ்சிடும்.

குரூப்புலயே பதில் போட்டா அம்மா ஏசுவா. அதால இங்க எழுதுறேன். (மாமா வாசிக்க மாட்டார். வீடியோ மட்டும்தான்.)

சரி, முதல்ல என்ட கணக்கு. ஒளிக்க ஒண்டுமில்ல.

கப்புச்சினோ 850. சர்வீஸ் சார்ஜ் நூத்துக்குப் பத்து, அது 85. மொத்தம் 935 ரூபா. மாசத்துல 26 வேலை நாளும் இதைக் குடிச்சா 24,310. நாட்டுல தனியார் வேலைக்குச் சட்டப்படி குறைஞ்ச மாசச் சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து 27,000, 2026 ஜனவரியில இருந்து 30,000. அந்த 30,000ஐ வச்சுப் பார்த்தாலும் அஞ்சுல நாலு பங்கு சம்பளம் நுரையில போயிடும். எனக்குக் கப்பைக் கொண்டு வந்து வச்ச தம்பிட சம்பளமும் அதுக்குக் கிட்டத்தான் இருக்கும் என்டு நினைக்கிறேன். இதை யோசிச்சுக்கிட்டே குடிச்சா அந்த நுரையில பூ வேற கீறித் தந்திருக்கான், பாவம்.

ஆனா யாரு தினமும் குடிக்கிறா? சம்பளம் கிடைச்ச கிழமை ஒருக்கா. ஒஃபிஸ்ல யாரோடயாவது முட்டிக்கிட்டா இன்னொருக்கா. (ஒஃபிஸ்ல கொஞ்சம் அடிக்கடி முட்டும். அது வேற கதை.)

இப்ப மாமாட கணக்கு.

விடியக்காலை மீன் ஏலம் பார்க்கப் போவார். வாங்கவும் மாட்டார், விக்கவும் மாட்டார், சும்மா பார்க்க. அங்க ஒரு பிளேன்டீ. பேப்பர் வாங்கப் போற இடத்துல ஒரு பால் தேத்தண்ணி. பத்து மணிக்கு ஒண்டு, பின்னேரம் கூட்டாளிமாரோட ரெண்டு. ஒரு நாளைக்கு ரெண்டு பால் தேத்தண்ணி, மூணு பிளேன்டீ என்டு வைங்க. பால் தேத்தண்ணி 100 ரூபாப்படி 200. பிளேன்டீ 40 ரூபாப்படி 120. உளுந்து வடை ரெண்டு, இன்னொரு 100. ஆக 420. மாசத்துக்கு 12,600 ரூபா! என்ட கப்புச்சினோவுல பதிமூணு வாங்கி மிச்சக் காசுக்கு வடையும் திங்கலாம். கூட்டாளிமாருக்குக் குடுக்கிற காசை நான் சேர்க்கல. சிகரெட்டையும் சேர்க்கல, அது மாமிக்குத் தெரியாது.

ஆனா மாமாவைப் பார்த்து யாரும் வீடியோ எடுக்கிறதில்ல. சில்லறையாப் போற காசு யாருட கண்ணுக்கும் தெரியாது. அச்சடிச்ச பில்லா மேசையில வந்து விழுந்தாத்தான் "ஐயோ எவ்வளவு செலவு" என்டு வருது.

எங்கட வீட்டுக்குள்ள கோப்பி எப்பவும் மலிவுச் சாமான்தான். அம்மாட ஊர் குளியாப்பிட்டிப் பக்கம். தென்னங்காணி. கிணத்தடியில நிழலுக்கு நாலைஞ்சு கோப்பி மரம் நிண்டுச்சு, யாரும் தண்ணி ஊத்தினதுமில்ல, உரம் போட்டதுமில்ல. பழம் சிவந்தா ஆய்ஞ்சு சாக்குல காயப் போடுவாங்க. காய்ஞ்சதும் உரல்ல இடிச்சுத் தோலைப் போக்கி, இரும்புச் சட்டியில கருக வறுத்து, கொத்தமல்லி, வேர்க்கொம்பு, நாலு மிளகு சேர்த்துத் திரும்பவும் இடி. அரிச்சு எடுத்துப் பால்மாப் பேணியில போட்டு மூடி வச்சா மாசக்கணக்குக்குக் காணும். போடுறதுக்கும் ஒரு வித்தையும் வேணாம். ஜக்குல தூளைப் போட்டு, கொதிச்ச தண்ணியை ஊத்தி, மூடி வச்சு, மண்டி கீழ இறங்கினதும் மேலால வார்த்துக் குடிக்கிறது. சீனி போட்டோ, கருப்பட்டித் துண்டைக் கடிச்சுக்கிட்டோ. பால் இல்ல. வடிகட்டியும் இல்ல. (தமிழ்நாட்டுல இருந்து வந்த ஒரு சிநேகிதி இதைப் பார்த்துட்டு "ஃபில்டர் எங்க?" என்டு கேட்டா. அம்மா தேத்தண்ணி வடியை எடுத்து நீட்டினா. அவட முகத்தைப் பார்த்திருக்கோணும்.)

இன்னொரு விசயம். தாழ்நிலத்துல இப்பிடிச் சும்மா காய்க்கிறது பெரும்பாலும் ரொபஸ்டா. கஃபேக்காரங்க பெருமையா எழுதி வைக்கிற அரபிக்காவை விட இதுல கஃபேன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதால முழிப்பு வாறதுக்குத்தான் கோப்பி என்டா, கிணத்தடி மரத்துக் கோப்பி 850 ரூபாக் கோப்பியைத் தோற்கடிச்சிடும்.

அந்த முழிப்புக்குத்தான் எங்கட பக்கம் செத்த வீட்டுல கோப்பி. ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி பிணத்தை வீட்டுல வச்சிருப்பாங்க. உள்ளுக்கு ஜெபமாலை, வெளியில கூடாரத்துக்குக் கீழ ஆம்புளைகள் கார்ட்ஸ் விளையாட்டு. அண்டாவுல கறுப்புக் கோப்பி கொதிச்சுக்கிட்டே இருக்கும், தட்டுல கிரீம் கிரெக்கர் சுத்தி வரும். சின்ன வயசுல கோப்பி வாசம் வந்தா "யாரு செத்தது?" என்டுதான் கேட்பேனாம். இப்பவும் அந்த கஃபேக் கதவைத் திறந்த உடன வாசம் முகத்துல அடிக்கும்போது ஒரு செக்கன் எனக்கு மெழுகுதிரி ஞாபகம் வரும். 850 ரூபா குடுக்கப் போற இடத்துல வரக்கூடாத ஞாபகம்.

இந்த நாடே ஒரு காலத்துல கோப்பி நாடுதானே. தேயிலைப் பெட்டியில சிங்கம் போட்டுப் பழகி நாங்க மறந்துட்டோம். பிரிட்டிஷ்காரன் வர முன்னம் மலைநாட்டுச் சனம் வீட்டு முற்றத்துக் கோப்பி மரத்துல இலையைக் கறிக்கும், பூவைக் கோயிலுக்கும் எடுத்தாங்களாம். ஒல்லாந்தர் 1740 அளவுல நட்டுப் பார்த்துச் சரிவராம விட்டுட்டாங்க. 1820கள்ல ஜோர்ஜ் பேர்ட் என்ட வெள்ளைக்காரர் கம்பளைக்குக் கிட்ட சின்னப்பிட்டியில தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தானும் கன்னொறுவையில போட்டார். (நாட்டை ஆளுறவரே தோட்ட முதலாளி. கோப்பிக்கு வரி விலக்குக் கிடைச்சது ஆச்சரியமே இல்ல.) 1840கள்ல பைத்தியம் தலைக்கேறி அரச உத்தியோகத்தர்கள் எல்லாம் காடு வாங்கி வெட்டினாங்க. கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டையை இறக்கத்தான். 1867ல ரயில் கண்டியைத் தொட்டுச்சு. ரெண்டே வருசம், 1869ல இலைத்துரு நோய். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ட பூஞ்சணம். தோட்டக்காரத் துரைமார் அதுக்கு "டெவஸ்டேட்டிங் எமிலி" என்டு பொம்புளைப் பேர் வச்சாங்க. நாசம் பண்ணினா பொம்புளைப் பேர்தான் வைப்பாங்க, வேற என்ன! கொஞ்சம் கொஞ்சமாத் தோட்டமெல்லாம் போய், 1884ல ஒரியண்டல் பேங்க்கும் கவுந்து, அந்த இடமெல்லாம் தேயிலை ஏறிச்சு.

இதுல எனக்கு மனசுல நிக்கிறது எமிலி இல்ல. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துல இருந்து வள்ளத்துல மன்னாருக்கு வந்து, அங்க இருந்து காட்டுக்குள்ளால மாத்தளை வரைக்கும் நடந்த சனம். கோப்பி ஆயத்தான் நடந்தாங்க. வாந்திபேதியிலயும் அம்மையிலயும் வழியிலயே செத்துக் கிடந்தவங்க எத்தனையோ பேர். கோப்பிக்குப் பருவம் இருக்கு, பழம் ஆய்ஞ்சு முடிஞ்சா உயிரோட இருந்தவங்க ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக் கொழுந்துக்கு வருசம் முழுக்க ஆள் வேணும். அப்பத்தான் லயத்துலயே தங்கிட்டாங்க. அவங்கட பேரப்புள்ளைகளுக்கு 2024ல ஒரு நாள் சம்பளத்தை 1,700 ஆக்கிறதா வர்த்தமானி வந்து, கம்பனிகள் கோர்ட்டுக்குப் போய், அந்த வருசம் 1,350ல வந்து நிண்டுச்சு. என்ட ஒரு கப்பும் ஒரு பிரவுணியும் வாங்கினா அதைத் தாண்டிடும். கோட் போட்ட தம்பி இந்தக் கணக்கைப் பலகையில எழுதட்டும், நான் அந்த வீடியோவை நானே ஃபோர்வர்ட் பண்றேன்.

(2022ஐ நினைச்சுப் பாருங்க. மார்ச்சுல 400 கிராம் பால்மா 790 ரூபா ஆச்சு, கடையில பால் தேத்தண்ணி 100 ரூபா என்டு அறிவிச்சாங்க. ஊரே அதிர்ந்துச்சு. எங்க வீட்டுல பால்மாவை அம்மா அலுமாரியில வச்சுப் பூட்டினா. அப்பத்தான் கறுப்புக் கோப்பி திரும்ப அடுப்புக்கு வந்துச்சு, செத்த வீடு இல்லாமலே. அப்ப அதிர்ந்த 100 ரூபாவை இப்ப மாமா ஒரு நாளைக்கு ரெண்டு தரம் முகம் சுளிக்காமக் குடுக்கிறார்.)

இத்தாலிக்கு வருவோம். சிலாபத்துக்குத் தெற்கால மாரவிலை, வென்னப்புவைப் பக்கம் போனா வீட்டுக் கேட்டுல இருந்து கூரை வரைக்கும் இத்தாலிக் காசு. வென்னப்புவைக்கு "குட்டி இத்தாலி" என்டு பேரே இருக்கு. எங்க வீட்டுலயும் அண்ணாவும் மச்சாளும் நாப்போலியில. மச்சாள் ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கிற வேலை. லீவுக்கு வந்தப்போ நான் கஃபேக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், பந்தாவா. பில்லைப் பார்த்துட்டு மச்சாள் சத்தமாச் சிரிச்சுட்டா.

"தங்கச்சி, அங்க நின்டுகிட்டுக் குடிச்சா ஒரு யூரோ, ஒண்டேகால் யூரோ."

யூரோ 350 ரூபா என்டு வச்சாலும் நானூறு சொச்சம். இத்தாலியில சம்பளம் யூரோவுல எடுக்கிறவ சொல்றா, சிலாபத்துல கோப்பி விலை கூட என்டு! (எஸ்பிரெசோவையும் கப்புச்சினோவையும் ஒப்பிடக்கூடாது என்டு யாராவது வருவீங்க. வாங்க. அங்க கப்புச்சினோவும் இங்கத்தைய விலைக்கு வராது.)

அதுக்குப் பிறகு மச்சாள் சொன்னதுதான் என்னைப் பிடிச்சு உலுப்பிச்சு. அங்க கோப்பிக் கடைகள்ல விலைப்பட்டியல்ல ரெண்டு விலை இருக்குமாம். கவுண்டர்ல நின்டு குடிச்சா ஒரு விலை. மேசையில உட்கார்ந்தா இன்னொரு விலை, சில இடத்துல ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல. வெனிஸ்ல 1720ல இருந்து நடக்கிற ஃப்ளோரியான் என்ட கடையில வாத்தியம் வாசிக்கிற நேரம் உட்கார்ந்தா பாட்டுக்கும் தனிக் காசு. மச்சாள் காலையில வேலைக்குப் போற வழியில நுழைஞ்சு, நின்டுகிட்டே ரெண்டு மிடறு, கப்பை வச்சுட்டு ஓட்டம். நாப்போலியில இன்னொரு பழக்கமும் இருக்காம்: ஒண்டு குடிச்சுட்டு ரெண்டுக்குக் காசு குடுத்துட்டுப் போறது. இரண்டாவது, காசில்லாம வாற யாருக்கோ. (எங்க ஊர் தேத்தண்ணிக் கடையிலயும் இது இருக்கு. கடன் கொப்பி என்டு பேர். ஆனா ரெண்டாவது கப்புக்குக் கடைக்காரர்தான் காசு குடுக்கிறது.)

ரெண்டு விலை. அதைக் கேட்ட பிறகு நான் வீட்டுக்கு வந்து கல்குலேட்டரை எடுத்தேன்.

2025 பெப்ரவரியில உலகச் சந்தையில அரபிக்காக் கோப்பி ஒரு இறாத்தல் நாலு டொலரைத் தாண்டிச்சு. அதுக்கு முன்னம் அப்பிடி ஒரு விலை இருந்ததே இல்ல. டொலர் 300 ரூபாப்படி இறாத்தல் 1,200. ஒரு கப்புக்குப் பதினெட்டு கிராம் என்டா 48 ரூபா, வறுக்கும்போது எடை குறையிறதையும் சேர்த்தா அறுபதுக்குக் கிட்ட. பால் இன்னொரு 80 என்டு வைப்போம். சீனி அவங்களே மேசையில வச்சிருக்காங்க. ஆக உலகத்துலயே கோப்பி ஆகக் கூட விலை வித்த நேரத்துலயும் அந்தக் கப்புக்குள்ள இருக்கிறது 140 ரூபாச் சாமான். மிச்சம் 700க்கு மேல எங்க போகுது? வாடகை, மெஷின், ஆள் சம்பளம், கரண்ட். (கரண்ட் கட்டணம் 2022 ஓகஸ்ட்டுல சராசரியா நூத்துக்கு 75, 2023 பெப்ரவரியில திரும்பவும் 66 ஏறினது ஞாபகம் இருக்கா? பிறகு குறைச்சாங்கதான். ஆனா ஏசி போடுறவனுக்கு அந்தப் பயம் போகல.)

அதாவது நான் கோப்பிக்குக் குடுக்கிறது 140. கதிரைக்குக் குடுக்கிறது 795.

இது தெரிஞ்ச உடன கோவம் வரும் என்டு பார்த்தேன். வரல. ஏனென்டா சிலாபத்துல எனக்கு வேற எங்க கதிரை இருக்கு?

மாமாவுக்கு ஊர் முழுக்கக் கதிரை. பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில வாங்கு போட்டிருக்கு, 40 ரூபாப் பிளேன்டீயை வச்சுக்கிட்டு ஒரு மணித்தியாலம் இருக்கலாம். பேப்பர் ஓசி. அரசியல் ஓசி. ஒரு நாள் பஸ் பிந்தினதால நானும் அதே மாதிரிக் கடை ஒண்டுல போய் உட்கார்ந்தேன். யாரும் ஒண்டும் சொல்லல, அதை நான் நேர்மையாச் சொல்லோணும். ஆனா கதை நிண்டுச்சு. வெயிட்டர் வந்து "யாரும் வாறாங்களா மிஸ்?" என்டு கேட்டார். இல்ல என்டேன். "பார்சலா?" என்டார். இல்ல என்டேன். பிறகு உள்ளுக்கு, திரை போட்ட ஃபேமிலி ரூமைக் காட்டினார். ஃபேமிலி இல்லாம ஃபேமிலி ரூம்ல, காத்தாடியும் இல்லாம, கழுவிற இடத்துப் பக்கத்துல இருந்து ஒரு பிளேன்டீ. நல்ல சாயம், அதையும் சொல்லோணும்.

சூப்பர் மார்க்கெட் வாசல்ல நெஸ்கஃபே மெஷின் இருக்கு, சின்னப் பேப்பர் கப்புல தருவாங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்க வித்தியாசமில்ல, ஆனா ரோட்டுல நின்டு குடிக்கோணும். கடற்கரையில கல்லு இருக்கு, ஆறு மணிக்குப் பிறகு இருக்க ஏலாது. கோயில் வாசல்ல வாங்கு இருக்கு, அங்க ஒரு பொம்புளை தனிய இருந்தா பிரச்சினை என்டு அர்த்தம், பாதர் வந்து விசாரிப்பார். நூலகம் நேரத்தோட பூட்டும். வீடு? வீட்டுல கதிரை இருக்கு, நான் அதுல இருந்த உடன "சும்மாதானே இருக்கிறாய், அந்தத் தேங்காயைத் துருவு" என்டு குரல் வரும்.

கஃபேயில ஒருத்தரும் தேங்காய் துருவச் சொல்றதில்ல. ஒரு புத்தகத்தோட போய் ரெண்டு மணித்தியாலம் இருந்தேன், கப்பு காய்ஞ்சு போச்சு, யாரும் எழுப்பல. சுத்திப் பார்த்தா பாதிக்கு மேல பொம்புளைகள். ட்யூஷன் புள்ளைகள் நாலு பேர் ஒரு ஐஸ் கோப்பியை வச்சுக்கிட்டு. லீவுல வந்த இத்தாலி அக்கா ஒருத்தி ஃபோனோட. ஒஃபிஸ் உடுப்போட, ஒண்டும் செய்யாம, யன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்த இன்னொருத்தி. அவவைக் கண்டதும் எனக்கு எழும்பிப் போய்க் கை குடுக்கோணும் போல இருந்துச்சு. (குடுக்கல. பயந்திருப்பா.)

பதினேழாம் நூற்றாண்டு லண்டன்லயும் இதே கதைதான். அங்க கோப்பிக் கடைக்குள்ள நுழைய ஒரு பென்னி. அந்தப் பென்னிக்குக் கதிரை, நெருப்பு, பத்திரிகை, ஊர்க்கதை எல்லாம். "பென்னி யுனிவர்சிட்டி" என்டே சொன்னாங்க. லொயிட்ஸ் இன்சூரன்ஸ் தொடங்கினதே எட்வர்ட் லொயிட் என்டவர்ட கோப்பிக் கடையில. எல்லாம் ஆம்புளைகள். 1674ல பொம்புளைகள் பேர்ல ஒரு துண்டுப் பிரசுரம் வந்துச்சு: புருசன்மார் இந்தக் கறுப்புத் தண்ணிக்குப் பின்னால போய் வீட்டுக்கே உதவாமப் போயிட்டாங்க, தடை செய்யுங்க என்டு. அதுல இருக்கிற சில வரிகளைக் குடும்பக் குரூப்புல போட ஏலாது. ஆனா மாமிக்குக் காட்டினா உடன கையெழுத்து வைப்பா.

இப்ப மொக்காப் பானைக் கதை. சொல்லாட்டி மச்சாள் ஏசுவா.

போகும்போது அவ எனக்கு ஒண்டு தந்துட்டுப் போனா. எட்டு மூலை வச்ச அலுமினியப் பானை, 1933ல அல்ஃபோன்சோ பியலெட்டி என்ட இத்தாலிக்காரர் கொண்டு வந்த சாமான். கீழ தண்ணி, நடுவுல தூள், சூடாகினா தண்ணி தூளுக்குள்ளால ஏறி மேல கோப்பியா வரும். கஃபேக் காசு மிச்சம் என்டு நினைச்சேன்.

முதல் பிரச்சினை அடுப்பு. எங்கட காஸ் அடுப்புக் கம்பிக்கு அது சின்னன், சரிஞ்சு விழுந்துச்சு. பாண் சுடுற கம்பியை மேல வச்சோம், நிண்டுச்சு. இரண்டாவது பிரச்சினை தூள். எங்கட ஊர்க் கோப்பித்தூள் மா. தண்ணியில கரைச்சுக் குடிக்கிறதுக்கு அரைச்சது. அதை அமுக்கி வச்சா தண்ணிக்கு ஏற வழியில்ல. பக்கத்துல இருக்கிற பாதுகாப்பு வால்வால ஆவி சீறிச்சு, "வெடிக்கப் போகுதுடி!" என்டு அம்மா காஸைப் பூட்டிட்டு என்னை இழுத்துக்கிட்டு முற்றத்துக்கு ஓடினா.

தீர்வும் அம்மாதான். கோப்பி இடிச்சு அரிக்கும்போது அரிதட்டுல கப்பி மிஞ்சும்தானே, திரும்ப உரல்ல போடுறது. "அதைப் போட்டுப் பாரு" என்டா. போட்டோம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்த கப்பி. அடுப்புல ஒரு கொறகொறச் சத்தம், பிறகு கறுப்பா, தடிப்பா மேல ஏறி வந்துச்சு பாருங்க... அந்த வாசம்! வீடியோ கோல்ல மச்சாளுக்குக் காட்டினேன். கொத்தமல்லி என்டு கேட்ட உடன அவ பக்கத்துல இருந்த இத்தாலி அம்மாவுக்கு மொழிபெயர்த்தா. அந்தம்மா சிலுவை போட்டுக்கிட்டா.

(பானையை சவுக்காரம் போட்டுக் கழுவக்கூடாதாம். அம்மா தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுப் பளபளக்க வச்சிருக்கா. மச்சாளுக்கு இன்னும் சொல்லல.)

ஒரு எச்சரிக்கை. இதைப் பின்னேரம் அஞ்சு மணிக்குக் குடிக்காதீங்க. நித்திரை வரவைக்கிற அடினோசின் மூளையில போய் உட்கார்ற இடத்துல கஃபேன் முதல்ல போய் உட்கார்ந்திடும். ரத்தத்துல அது பாதியாக் குறையவே அஞ்சு மணித்தியாலம் அளவுல ஆகும். பத்து மணிக்குப் படுத்தாலும் பாதி உள்ளுக்குத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் வளர்ந்தவங்களுக்குப் பயமில்ல என்டு ஐரோப்பாவுல கணக்குச் சொல்றாங்க, புள்ளைத்தாச்சிக்கு 200. தேத்தண்ணியிலயும் கஃபேன் இருக்கு மாமா, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அஞ்சு தேத்தண்ணிக்கு நீங்க போடுற சீனியைப் பற்றி நான் கதைக்கல. டொக்டர் கதைப்பார்.

இப்ப நிலைமை இப்பிடி: கோப்பி வேணும் என்டா வீட்டுல, கப்பியும் மொக்காவும். இருக்கோணும் என்டா கஃபே. அங்க போய் இப்ப நான் கப்புச்சினோ சொல்றதில்ல, பட்டியல்ல ஆக மலிவா என்ன இருக்கோ அது. அந்தத் தம்பிக்கு விளங்கிட்டு. போன தரம் கேட்காமலே யன்னல் பக்கத்து மேசையைக் காட்டினான்.

ஆனா சிலாபத்துல யாராவது கடை போடுற எண்ணத்துல இருந்தா இதை வாசிங்க. பட்டியல்ல ரெண்டு விலை போடுங்க. நின்டு குடிக்க 150, இருந்து குடிக்க 400. நாங்க வருவோம், ட்யூஷன் புள்ளைகளும் வருவாங்க. ஏசி வேணாம், கடல் காத்து வாற பக்கமா ஒரு யன்னலும் காத்தாடியும் காணும். திரை போட்ட ரூம் வேணாம். சுவர்ல தத்துவம் எழுதினாலும் பரவாயில்ல, தமிழ்ல எழுதுங்க. சீனியைத் தனியாத் தாங்க.

வடை இருந்தா மாமாவும் வருவார். அவருக்கு 400தான், நிக்க மாட்டார்.